சொறியாத எலிகள்

மதுராந்தகத்தில் ரைஸ் மில்லுக்குப் பக்கமாகப் பஸ் நின்றால் நான் ஜன்னலை இறக்கிவிடுவேன். அவிந்த உமியின் வாடை. பக்கத்து சீட்டில் இருப்பவர் புழுங்கல் மணம் என்று மூக்கை விரித்து, கண்ணைச் செருகி, ஊர்ப்பெருமை பேச ஆரம்பிப்பார். பேசட்டும். எனக்கு அந்த வாடையில் எலிதான் நினைவுக்கு வரும்.

பதினெட்டு வருடம் அந்த வாடைக்குள் உத்தியோகம் பார்த்தேன். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில், சவுக்குத் தோப்புக்குப் பின்னால், ஓர் ஆராய்ச்சி நிலையம். அதன் பின்பக்கத்தில் எலிகளுக்கான விலங்குக்கூடம். அதற்கு நான் கால்நடை மருத்துவர். மில்லிலிருந்து மூட்டை மூட்டையாக உமி வரும். நீராவியில் வேகவைத்துக் கிருமியைக் கொன்று, ஆறவைத்து, கூண்டுகளில் படுக்கையாகப் பரப்புவோம். எலி தூங்கும். நாங்களும்தான்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தவனிடம், புதிதாக வெள்ளைக் கோட்டு மாட்டியிருக்கும் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்: முடி வளராத எலிகளைப் பற்றி எழுதுங்கள் சார், புரதத்தில் கொழுப்பு ஒட்டாமல் போனால் தோலும் முடியும் என்ன ஆகும் என்று நேரில் பார்த்தவர் நீங்கள். பார்த்தேன். பார்த்ததுதான் அவமானம். கண்ணெதிரே இருப்பதைக் காணாமல் இருப்பதற்குக் கல்லூரியில் ஐந்து வருடம் பயிற்சி கொடுக்கிறார்கள். நான் அதில் முதல் வகுப்பு.

தொண்ணூறுகளின் கடைசி. ஐப்பசி. டெல்லியிலிருந்து பார்வைக்குழு வர இன்னும் பத்து நாள். குழு வருகிறதென்றால் எங்கள் நிலையத்துக்குக் கல்யாணக் களை வந்துவிடும். சுவருக்கு வெள்ளை, படிக்குச் சிவப்பு, அலமாரியில் பூட்டிவைத்திருந்த ரப்பர் கையுறைகள் வெளியே. இவற்றோடு இன்னொரு வழக்கமும் உண்டு. எந்தப் பாடத்திலும் சொல்லித் தரமாட்டார்கள். 'அழகு பார்ப்பது' என்று நாங்கள் சொல்வோம். கூண்டு கூண்டாகப் பார்த்து, லட்சணமாக இல்லாத எலியை எல்லாம் எடுத்துக் கொன்றுவிடுவது. காது கிழிந்ததா, போ. வால் கோணலா, போ. மிஞ்சியவற்றைக் காலண்டரில் அச்சடிக்கலாம். விதிவிலக்கை எல்லாம் சாகடித்துவிட்டு விதியைக் குளிப்பாட்டிக் காட்சிக்கு வைப்பதற்கு அங்கே ஆராய்ச்சி என்று பெயர். கையெழுத்து என்னுடையது.

அந்த முறை அழகு பார்க்கும்போது மூன்றாம் அடுக்கில் நான்கு கூண்டுகள் எங்கள் கண்ணை உறுத்தின. குட்டிகளில் சில மட்டும் வேறு மாதிரி. ரோமம் மெலிந்து, குட்டையாகி, முதுகில் திட்டுத்திட்டாக வெறுந்தோல். மிச்சமிருந்த ரோமம் எண்ணெயில் முக்கி எடுத்ததுபோலப் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பளபளத்தது. அழகாகக்கூட இருந்தது, ஒரு விதத்தில். ஆனால் காலண்டர் அழகு இல்லை.

மூத்த காப்பாளர் ஏகாம்பரம் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா டாக்டர் சார், நம்ம டைரக்டரு தலைல கீற கேஸு இங்கியும் வந்துட்ச்சா?"

சிரித்தேன். மதியம் வரைக்கும் சிரித்தேன். மதியம் டைரக்டரே வந்து எட்டிப் பார்த்தார். தன்னையறியாமல் தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். ஏகாம்பரம் அவசரமாக உமி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"என்ன இது?"

"பார்க்கிறேன் சார்."

"பார்த்துக்கிட்டே இருக்காதீங்க. சாயங்காலத்துக்குள்ள எழுத்துல குடுங்க. என்ன வியாதி, எங்கேர்ந்து வந்துது, யாரால வந்துது. குழு கேட்டா நான் ஒரு காகிதத்தைக் காட்டணும்."

மூன்று கேள்வி. மூன்றாவதற்கு மட்டும்தான் அவருக்குப் பதில் வேண்டியிருந்தது. முதல் இரண்டும் அதற்குப் போகிற படிக்கட்டு.

தோலைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சொறிப்பூச்சி இல்லை. பூஞ்சை இல்லை. முட்டை இல்லை, புழு இல்லை. மறுபடி சுரண்டினேன், மறுபடி இல்லை. 'இல்லை' என்று எழுதியிருக்கலாம். தெரியவில்லை என்று எழுதியிருக்கலாம். தெரியவில்லை என்ற அந்தச் சொல்லை எழுதத் தைரியமில்லாதவர்கள் எல்லாரும் ஒன்றுகூடி நடத்துவதுதான் ஆராய்ச்சி நிலையம் என்று பிறகு புரிந்தது. மணி நாலு. ஜன்னலுக்கு வெளியே மல்லிகா கூண்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

மல்லிகாவைப் பற்றிச் சொல்கிறேன். செய்யூர்ப் பக்கத்துக் கிராமம். அன்றைக்கு முப்பது வயது இருக்கலாம். இரண்டு பஸ் மாறி ஐந்து வருடமாக வந்துகொண்டிருந்தாள், ஒப்பந்தக் கூலியாக. அந்த ஐப்பசியில் ஆறு ஒப்பந்தக் கூலிகளை நிரந்தரமாக்க நிலையம் முடிவு செய்திருந்தது. குழு திரும்பிப் போன மறுநாள் கையெழுத்து. பட்டியலில் நாலாவது பெயர் அவளுடையது. அன்றைக்கு வருகைப் பதிவில் இல்லாதவரின் பெயர் பட்டியலிலிருந்து விழுந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. அவளுக்கு அந்த வேலை என்றால் மாதம் முதல் தேதி சம்பளம், மருத்துவச் சலுகை, 'ஏய்' என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வருகைப் பதிவேடு. பட்டியல் தயாரான நாளிலிருந்து அவள் நடையே மாறியிருந்தது என்று ஏகாம்பரம் கேலி செய்வார்.

அவள் கைகள் மணிக்கட்டுவரை சிவந்து, வெடித்து, தோல் உரிந்து கிடந்தன.

நான் எழுதினேன். "சொறிப்பூச்சித் தொற்று எனச் சந்தேகிக்கப்படுகிறது. கூண்டு கழுவும் பணியாளரின் கைகளில் தோல்நோய் காணப்படுகிறது. அவர் மூலம் பரவியிருக்கலாம்."

'இருக்கலாம்' என்ற சொல்லை நான் குடையாகப் பிடித்துக்கொண்டேன். என் தலை நனையவில்லை. டைரக்டர் அறைக்குள் போன 'இருக்கலாம்' வெளியே வரும்போது ஆணையாக வந்தது: நோய் குணமாகும்வரை மேற்படியார் வளாகத்துக்குள் வரக்கூடாது.

மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே நின்றாள். தூறல். சாப்பாட்டுப் பையைத் தலைமேல் பிடித்திருந்தாள்.

"இன்னா சார், எனுக்கு சொறியாமே?"

"அப்படி எழுதலை மல்லிகா. சந்தேகம்னுதான்..."

"சந்தேகத்துக்கா தொரத்துவாங்க? சரி, சொறின்னே வெச்சிக்கலாம். சொறின்னா அரிக்கும்ல? அந்தக் குட்டிங்க ஒண்ணாச்சும் சொறிஞ்சிகினு இருந்து நீங்க பாத்தீங்களா?"

"அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா."

"எனுக்கு இன்னா சார் புரியும், கூண்டு கழுவறவ. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒரே வயித்துல ஏழு பொறந்துது. ரெண்டு மொட்ட. அஞ்சு நல்லாக் கீது. ஏழும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் பட்த்துகினு தூங்குது. ஒட்டுவாரொட்டின்னா அந்த அஞ்சுக்கு ஏன் ஒட்டல? பக்கத்து அடுக்கையும் நான்தான் கழுவறேன், இதே கையாலதான். அங்க ஏன் வரல? போன ஈத்துலயும் அதே ஜோடிக்குத்தான் மொட்ட பொறந்துது. ஏகாம்பரண்ணன் கைல சொன்னேன். அந்தாளு சிரிச்சிட்டுப் போயிட்டாரு."

கவனியுங்கள். அரிப்பு இல்லை. கூடப் படுப்பவற்றுக்குப் பரவவில்லை. ஒரே பெற்றோருக்கு ஈத்துக்கு ஈத்து வருகிறது, எல்லாக் குட்டிக்கும் இல்லை. தொற்று அல்ல, பிறவியிலேயே வருவது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? மழையில் நின்றுகொண்டு ஒரு மூச்சில் சொன்னாள். நீங்கள் இதற்கு மூன்று பக்கம் எழுதி, அம்புக்குறி போட்டு, மதிப்பெண் வாங்குவீர்கள். எனக்கோ கோபம் வந்தது. பட்டம் வாங்கியவனுக்குப் பாடமா என்ற கோபம். "நேரமாச்சு, போம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

வந்தவன் நேராக மூன்றாம் அடுக்குக்குப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். குட்டிகள் தின்றன. முகம் கழுவின. ஒன்றன் மேல் ஒன்று ஏறித் தூங்கின. ஒன்றுகூடச் சொறியவில்லை.

அப்போதே தெரிந்துவிட்டது. டைரக்டர் அறை அங்கிருந்து நாற்பது எட்டு நடைதான். போய், "சார், நான் எழுதினது தப்பு, அந்தக் காகிதத்தைக் கிழிச்சிடுங்க" என்று சொல்ல அரை நிமிடம் போதும். மல்லிகா ஊர் பஸ்ஸுக்கு இன்னும் நிறுத்தத்தில்தான் காத்திருந்திருப்பாள். நான் போகவில்லை. ஆதாரம் சேர்த்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். ஒருத்தியைக் குற்றம் சொல்ல எனக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மட்டும் விஞ்ஞானம் தேவைப்பட்டது. இந்த அற்பத்தனத்தை வேறு எதையும்விட முதலில் கற்று முதலில் மறந்துவிடுங்கள். ஆதாரம் இல்லாமல் சொன்னதைத் திரும்பப் பெற ஆதாரம் எதற்கு?

அன்று மாலை ஆணை வந்தது: நான்கு கூண்டுகளையும் கழித்துவிடவும். அந்த எலிகள் உயிரோடு இருக்கிறவரைதான் மல்லிகாவுக்குச் சாட்சி. அவை போனால் மிச்சம் என் காகிதம் ஒன்றுதான். நான் ஒரு வீரச் செயல் செய்தேன், கேளுங்கள். மல்லிகா சொன்ன அந்தப் பெற்றோர் ஜோடியையும் அதன் இரண்டு மொட்டைக் குட்டிகளையும் எடுத்துப் பின்னறைக் கூண்டில் போட்டு, 'புது வரவு' என்று சீட்டு ஒட்டினேன். மற்றதை எல்லாம் கொன்றேன். வெகு நாள் இதை நினைத்து எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டிருந்தேன். நாற்பது எட்டு நடக்கப் பயந்தவன் பின்னறையில் செய்கிற வீரம் இப்படித்தான் இருக்கும்.

குழு வந்தது. மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டலில் வஞ்சிர மீன் சாப்பிட்டது. விலங்குக்கூடத்தில் கால் மணிகூட நிற்கவில்லை. "என்ன அருமையான ரோமம்!" என்றார் ஒருவர். காப்பாளர்கள் புதுக் கையுறையோடு வரிசையாக நின்றார்கள். குழு போனதும் கழற்றி வாங்கி நான்தான் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் பட்டியலில் கையெழுத்தானது. நாலாவது இடத்தில், கூலியாட்களை அனுப்பும் ஒப்பந்தக்காரரின் மச்சான்.

நான் பின்னறையில் விஞ்ஞானம் செய்துகொண்டிருந்தேன். மொட்டைக் குட்டிகளை வேறு வம்சத்துக் குட்டிகளோடு ஒரே கூண்டில் விட்டேன். மூன்று வாரம் ஆகியும் அவற்றில் ஒன்றுக்கும் ஒரு ரோமம்கூட உதிரவில்லை. பழைய ஜோடி மறுபடி ஈன்றது. பத்து நாளில் ரோமம் வரவேண்டிய நேரத்தில் பார்த்தேன்: எட்டில் இரண்டு மொட்டை. ஒரு மாதத்துக்குமேல் செலவழித்து, மல்லிகா கேட் வாசலில் சொன்னதை நான் உறுதிப்படுத்தினேன். டைரக்டரிடம் அறிக்கை கொடுத்தேன்.

"அப்ப தொத்து வியாதி இல்ல. ரொம்ப நல்லது. பிறவிக் கோளாறுள்ள வம்சம் நமக்கு எதுக்கு? அந்த ஜோடியையும் கழிச்சிடுங்க. நாம என்ன மிருகக்காட்சி சாலையா நடத்தறோம்?"

கழித்தேன். மெழுகில் பதித்த ஒரு துண்டுத் தோல் மட்டும் மேசை இழுப்பறையில் மிஞ்சியது.

அந்த எலிகளுக்கு என்ன குறை என்று பல வருடம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. இரண்டாயிரங்களின் கடைசியில் முட்டுக்காட்டுப் பக்கம் ஓர் ஓட்டலில் ஆராய்ச்சியாளர் கூட்டம். உப்பங்கழியில் படகு போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஏசியில் திரை ஓடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் இதேபோன்ற எலியின் மரபணுவைப் பிடித்துவிட்டார்கள். படத்தில் அதே மெலிந்த ரோமம், அதே எண்ணெய்ப் பிசுபிசுப்பு. நான் கடைசி வரிசையில் மீன் கட்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விஷயம் இதுதான். செல்லுக்குள் சில புரதங்கள் சும்மா மிதந்தால் உதவாது; செல்லின் ஓரத்துச் சவ்வில் ஒட்டி நின்றால்தான் வெளியே நடப்பதை உள்ளே சொல்லமுடியும். சவ்வு கொழுப்பால் ஆனது. புரதத்துக்கு அங்கே பிடிமானம் இல்லை. ஒரு நொதி வந்து அதன் மேல் ஒரு கொழுப்பு அமிலத்தை ஒட்டிவிடுகிறது. அபூர்வப் பொருள் ஒன்றுமில்லை, நம் ரேஷன் கடைப் பாமாயிலில் நிறைந்திருக்கிற அதே பால்மிட்டிக் அமிலம். அந்த ஒட்டுதான் கொக்கி. நொதி பழுதானால் கொக்கி இல்லை. கொக்கி இல்லாத புரதம் தன் இடத்தில் நிற்பதில்லை. மயிர்க்காலுக்கு 'முதிர்ச்சியடை' என்று போகவேண்டிய செய்தி உரிய நேரத்தில் போய்ச்சேர்வதில்லை. ரோமம் மெலிந்து, குட்டையாகி, உதிர்கிறது. தோல் தடிக்கிறது, எண்ணெய்ச் சுரப்பிகள் பெருத்துப்போகின்றன. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் குறை வெளியே தெரியும். அதனால்தான் நாலில் ஒன்று என்கிற கணக்கில் மொட்டை.

எங்கள் எலியில் பழுதானதும் அதே மரபணுதான் என்று சத்தியம் செய்யமாட்டேன். செய்ய எலி இல்லையே. உலகத்துக்கு ஒரு புது உண்மை மூன்றாம் அடுக்கில் பிறந்து எங்கள் கையில் தவழ்ந்தபோது, டெல்லிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று அதைக் கொன்று குழியில் போட்ட நிலையம் எங்களுடையது. பேச்சாளர் கேள்விக்கு அழைத்தார். நான் கட்லெட்டைத் தின்றேன்.

ஆனால் நான் சொல்லவந்தது கூட்டத்தைப் பற்றியல்ல. அதற்குப் பல வருடம் முன்பு, ஜோடியைக் கழித்த அதே வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு செய்யூர் பஸ் ஏறினேன். மல்லிகாவை நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

ரோட்டோரம் ஒரு சவுக்கு நாற்றங்காலில் கூலிக்கு இருந்தாள். பிளாஸ்டிக் பைகளில் மண் அடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஈரக் கை. வெடிப்பு இல்லை, சிவப்பு இல்லை. மண் வேலை செய்கிற, ஆரோக்கியமான கை.

"கை ஆறிடுச்சே" என்றேன், மருத்துவன் மாதிரி.

"ப்ளீச்சிங் பவுடரு தண்ணில கை வெக்கறத வுட்டேன், பத்தே நாள்ல ஆறிட்ச்சி. அஞ்சு வருசமா கையுறை கேட்டுகினு இருந்தேன். சாவி உங்க கைலதான இருந்துது?"

'யாரால வந்துது' என்ற டைரக்டரின் மூன்றாவது கேள்விக்கு அதுதான் பதில். அவளால் எங்களுக்கு வரவில்லை; எங்களால் அவளுக்கு வந்தது. அறிக்கையை நீட்டினேன். எட்டாவது வரை படித்தவள். உதடு அசைய நிதானமாகப் படித்தாள்.

"தொற்று நோய் அல்ல. பிறவிக் குறைபாடு... சரி சார். இதுல நான் எங்க கீறேன்?"

"நீ எதுக்கு இதுல? இது எலியைப் பத்தினது."

"மொதல்ல எழுதனதுல இருந்தேனே. கூண்டு கழுவும் பணியாளர்னு. பேரு போடாமயே ஊருக்கே தெரிஞ்சிட்ச்சி. ஏகாம்பரண்ணன் பஸ்ஸுல எம் பக்கத்து சீட்டு காலியா கெடந்தும் நின்னுகினு வராரு. இப்ப எலிக்கு மட்டும் விடுதலயா?"

டைரக்டர் அவளை மறுபடி ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார் என்றேன். அடுத்த பட்டியலில் பார்த்துச் செய்வார்கள் என்றேன். அடுத்த பட்டியல் எப்போது என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. தெரியவில்லை என்று சொல்ல அப்போதும் வாய் வரவில்லை, 'சீக்கிரம்' என்றேன்.

அவள் குனிந்து, சாய்ந்திருந்த ஒரு நாற்றுப் பையை நிமிர்த்திவைத்தாள்.

"வரேன் சார். எனுக்கு அந்த வேல வேணும், வூட்டு நெலம அப்பிடி. ஆனா ஒண்ணு. ஏகாம்பரண்ணன், டைரக்டரு, மத்த எல்லாரும் நிக்கசொல்ல நீங்க வாயத் தொறந்து சொல்லணும். மல்லிகாவால வரல, நான்தான் தப்பா எழுதிட்டேன்னு. காகிதம் வாணாம். காகிதத்த எவன் படிக்கிறான்? வாயால சொன்னாப் போதும். நான் நாளைக்கே வந்து நிப்பேன். சொல்லுவீங்களா?"

எட்டுச் சொல்கூட இல்லை. தூரத்தில் செங்கல்பட்டு பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது. என் நாக்கில் அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். நான்தான். தப்பா. எழுதிட்டேன். ஏகாம்பரத்தின் சிரிப்பு தெரிந்தது. டைரக்டர் தலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்ப்பது தெரிந்தது. ஒரு கூண்டு கழுவுகிறவள் முன்னால் நான் நிற்பது தெரிந்தது. பஸ் கிட்டே வந்துவிட்டது.

"பார்க்கலாம் மல்லிகா" என்றேன்.

அவள் சிரித்தாள். அறிக்கையை நான்காக மடித்து என் சட்டைப் பையில் அவளே செருகினாள்.

"அஞ்சு வருசம் உங்ககிட்ட வேல பாத்தவ சார் நான். பாக்கலாம்னா இன்னா அர்த்தம்னு எனுக்குத் தெரியாதா? ஏறுங்க, இந்தப் பஸ்ஸு யாருக்கும் நிக்காது."